தைப்பூச மயில் காற்றில் கவிழாமல் இருக்க

மொரீசியஸில் பொங்கலும் தைப்பூசமும் வருவது புயல் பருவத்தின் நட்டநடுவில். கோயில் வாசலிலோ கடற்கரையிலோ பத்து நாளைக்கு ஒரு மயில் சிற்பத்தையோ முருகனின் வேல் சிற்பத்தையோ நிறுத்த நினைக்கிற கோயில் சொசைட்டி இளைஞர்கள், அதன் முகத்தையும் வண்ணத்தையும் பற்றி வாரக்கணக்கில் பேசுவார்கள். அடிச்சட்டத்தைப் பற்றிய நினைப்பு கடைசி நாள் மாலைதான் வரும். பெரிய தவறு இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தோகை விரித்த மயில், 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், பிளைவுட்டில் செய்தது. மணிக்கு 60 கி.மீ. காற்று அந்தத் தோகையைச் சுமார் 100 கிலோ விசையோடு தள்ளும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, அதாவது 120 கி.மீ. காற்றில் 400 கிலோ. பீடத்தோடு சேர்த்துத் தோகையின் மையம் 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அடிச்சட்டம் முன்பின்னாக 2 மீட்டர் என்றால், 60 கி.மீ. காற்றில் கவிழாமல் நிற்கவே மயிலின் எடையும் சேர்த்து 250 கிலோ வேண்டும். வழக்கமாகப் போடுகிற நாலைந்து மணல் மூட்டை 125 கிலோகூடத் தேறாது. 200 லிட்டர் பீப்பாய் இரண்டில் தண்ணீர் நிரப்பி வையுங்கள், 400 கிலோ ஆயிற்று. அடிச்சட்டத்தை அகலமாக்கினால் இன்னும் நல்லது, செலவும் குறைவு.

தோகையைப் பலகையால் அடைக்காமல் மூங்கில் சட்டத்தில் இடைவெளி விட்டுப் பின்னினால் காற்று ஊடே போய்விடும். ஒரு காலத்தில் சர்க்கரைப் பைகள் முடைந்த வாக்வா (தாழை இனம்) ஓலை இதற்கு அருமையாக வரும். காற்று போகட்டும் என்று பேனர் துணியில் அரைவட்ட ஓட்டை வெட்டுகிறார்களே, அது மனச்சமாதானத்துக்குத்தான்.

அன்றாடக் காற்று தென்கிழக்கிலிருந்து வருவது, அதனால் சிற்பத்தின் பக்கவாட்டை அந்தத் திசைக்குக் காட்டி நிறுத்துவது சரி. ஆனால் புயலில் காற்றின் திசை மாறிக்கொண்டே இருக்கும், அப்போது இந்தத் தந்திரம் உதவாது. கழற்றத்தான் வேண்டும். அதனால் வெல்டிங் வைக்காதீர்கள், போல்ட் போடுங்கள். இங்கே வானிலை நிலையத்தின் புயல் எச்சரிக்கை கிளாஸ் 1 முதல் 4 வரை படிப்படியாக ஏறும். 120 கி.மீ. காற்றுக்கு முன் கிளாஸ் 2 எச்சரிக்கை தருவது 12 மணி நேரப் பகல் வெளிச்சம், கிளாஸ் 3 தருவது 6 மணி நேரம். கிளாஸ் 3 வந்தபின் யாரும் கோயில் வாசலில் ஸ்பானரோடு நிற்கக் கூடாது. கிளாஸ் 1 வந்ததுமே ஆட்களைக் கூப்பிடுங்கள். விழா கெடுமே என்று தயங்குபவர்களுக்கு: 2024 ஜனவரி 15, பொங்கலன்றே, பெலால் புயலின் வெள்ளத்தில் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன.

அப்புறம், கரும்பு. தமிழ்நாட்டுப் படங்களைப் பார்த்துக் கரும்பு வளைவு திட்டமிடுகிறார்கள். இங்கே அறுவடை ஜூன் முதல் டிசம்பர் வரை, ஜனவரியில் வயலில் நிற்பது இளம்பயிர். தீவே கரும்புக்காடு, பொங்கலுக்கு மட்டும் முற்றிய கழி கிடைப்பது பெரும்பாடு! வளைவை மூங்கிலில் கட்டி, கிடைக்கிற கரும்பை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாரம் தாங்க அது ஆகாது.

தென்னங்கீற்றுச் சிற்பம் கட்டிய அன்று பச்சை, ஒரு வாரத்தில் சருகு. தீபாவளியில் அதன் காலடியிலேயே அகல் விளக்கு வரிசை வைப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. கீற்றுக்கு அருகில் 12 வோல்ட் எல்இடி போதும், அதன் டிரான்ஸ்ஃபார்மரும் வயர் இணைப்புகளும் ஈரத் தரையில் கிடக்கக் கூடாது. மேலே மின்கம்பி போகிறதா என்று பகலில் அண்ணாந்து பாருங்கள், இரவில் தெரியாது. நகராட்சியிலோ மாவட்டக் கவுன்சிலிலோ அனுமதி கேட்பதும் இடம் முடிவாகும் முன்பே.

விழா முடிந்ததும் கடலில் கரைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு தெர்மோகோலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் வாங்காதீர்கள். தெர்மோகோல் கரையவே கரையாது, பிளாஸ்டர் லேசில் கரையாது. பவளப்பாறைக்கு உட்பட்ட ஆழமில்லாத கடலில் இரண்டும் அங்கேயே கிடக்கும். களிமண், ஓலை, மூங்கில் போதும். மூங்கிலைக் கழற்றி அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கலாம்.