முதன்முறை காட்டு நடை: பிரேசோஸ் பெண்டில் எல்ம் ஏரியைச் சுற்றி வருவது எப்படி?

டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன், சுகர்லாந்து பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் காடு பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஹூஸ்டன் நகர மையத்திலிருந்து சுமார் 45 மைலில், நீட்வில் ஊருக்கு அருகே பிரேசோஸ் பெண்ட் மாநிலப் பூங்கா இருக்கிறது. ஏறத்தாழ 5,000 ஏக்கர் பரப்பில் ஓக் மரக்காடு, ஏரிகள், சதுப்பு நிலம். அங்கே எல்ம் ஏரியைச் சுற்றும் 1.7 மைல் பாதையைத்தான் புதியவர்களுக்குச் சொல்வேன். மேடு பள்ளம் இல்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை, வெயில் அடிக்கும் காலைப்பொழுது மிகவும் நல்லது. கோடையில் வெக்கையும் கொசுவும் குழந்தைகளை வாட்டிவிடும். நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். வார இறுதியில் கூட்டம் நிரம்பினால் வாசலிலிருந்தே திரும்ப வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு 7 டாலர், 12 வயது வரை இலவசம். பெருமழை பெய்திருந்தால் பாதை திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிரேசோஸ் ஆறு பொங்கினால் பூங்காவுக்குள் வெள்ளம் புகுந்துவிடும்.

2. உடையும் பையும்

செருப்பு வேண்டாம். பாதையோரம் நெருப்பெறும்புப் புற்றுகள் உண்டு. தெரியாமல் கால் வைத்தால் கொத்தாக ஏறிக் கடிக்கும். மூடிய காலணி, முழுக்கால்சட்டை, தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொசு விரட்டி. பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. மெதுவாக நடங்கள்

வேகமாகப் போனால் இந்தப் பாதை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நின்று பார்ப்பவருக்குத்தான் சதுப்பு தன்னைக் காட்டும். நீர்ச்செடிகளின் மேல் மஞ்சள் கால்களை எட்டிப் போட்டு நடக்கும் ஊதா நிறப் பறவை, நம் ஊர் நீலத் தாழைக்கோழிக்கு உறவு; குளிர்காலத்தில் மட்டும் அதைக் காண்பது அரிது. கிளையில் சிறகை விரித்துக் காயவைக்கும் அன்கிங்கா, பாம்புத்தாராவின் அமெரிக்கச் சொந்தம். வேடந்தாங்கலுக்குப் போய்வந்தவர்களுக்கு இந்த முகங்கள் பழகியவையாகவே இருக்கும்.

மரங்களையும் அண்ணாந்து பாருங்கள். ஓக் கிளைகளிலிருந்து சாம்பல் நிறச் சடையாகத் தொங்கும் செடி அன்னாசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. மழையிலும் காற்றிலும் உள்ள ஈரமே அதற்குப் போதும். அடிமரத்தில் மூன்று மூன்று இலைகளாகப் படரும் கொடியை மட்டும் தொடாதீர்கள். அது பாய்சன் ஐவி. தோல் தடித்து நாள்கணக்கில் அரிக்கும்.

4. முதலையைக் கண்டால்

பெரும்பாலும் காண்பீர்கள். அலிகேட்டர் வகை முதலைகள் வெயில் காயப் பாதையோரக் கரையிலேயே படுத்திருக்கும். நீரில் கட்டை மிதப்பது போலத் தெரிந்தால், அதில் இரண்டு மேடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஒன்று கண், மற்றொன்று மூக்கு. இரண்டுக்கும் இடையே எத்தனை அங்குலமோ, முதலை ஏறக்குறைய அத்தனை அடி நீளம்.

குறைந்தது 30 அடி தள்ளியே நில்லுங்கள். அசையாமல் கிடக்கிறதே என்று நெருங்காதீர்கள். குறுகிய தூரத்துக்கு அது மின்னலாய்ப் பாயும். முதலைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒருபோதும் போகக்கூடாது. சீறினால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். அதைப் பார்த்தபடியே பின்வாங்குங்கள். குட்டிகள் தென்பட்டால் தாய் பக்கத்திலேயே இருக்கும். பாதையின் குறுக்கே படுத்திருந்தால் தாண்ட முயலாமல் வந்த வழியே திரும்புங்கள். நாயைக் கொண்டுவந்தால் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், நீரோரம் விடவே விடாதீர்கள். குழந்தைகளின் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒரு துண்டு ரொட்டிகூட எறியாதீர்கள். உணவு போட்டுப் பழக்கிய முதலை மனிதரைத் தேடி வரத் தொடங்கும். பிறகு அதைக் கொல்ல வேண்டிய நிலைதான் வரும். 1967இல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டு, கடும் பாதுகாப்பினால் பெருகி, 1987இல் அந்தப் பட்டியலிலிருந்து மீண்ட இனம் இது. படம் பிடிக்கும் ஆசையில் அதன் அமைதியைக் கெடுப்பது எனக்குப் பொறுக்காது.

5. நடந்து முடித்தபின்

காரில் ஏறுமுன் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு, குழந்தைகளின் காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். எண்ணெய் தடவுவதும் நெருப்பு வைப்பதும் கூடாது. வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு, உடைகளை உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் ஓடவிடுங்கள்.