லயத்திலிருந்து புது வீட்டுக்கு: அப்பாயியின் சாமான்களை மாற்றும் முறை

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தை (தொழிலாளர் வரிசை வீடு) விட்டு 7 பேர்ச் (நில அளவு) காணி வீட்டுக்குக் குடிபோகும்போது, பெரியவர்கள் இல்லாத நேரத்தில் அவர்கள் சாமானைக் கட்டாதீர்கள். மனம் உடைவது அங்கேதான். முதலில் லயக் காம்பராவை (அறையை) நாலு பக்கமும் போனில் படம் பிடியுங்கள். புது வீட்டிலும் கட்டில், சாமி படம், வெற்றிலைத் தட்டு அதே பக்கம் இருக்கட்டும். இருட்டில் கை பழகிய இடத்தைத்தான் தேடும்.

கொழுந்துக் கூடையும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும் குப்பையல்ல, ஒரு ஆயுளின் உழைப்பு. கூடையை வெயிலில் காயவைத்து ஆணியில் மாட்டுங்கள். ஈரத்தரையில் பூஞ்சணம் பிடிக்கும்.

மலை ஈரத்தில் பழைய போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். உரித்தால் முகமே பெயர்ந்துவிடும். கண்ணாடியோடே படமெடுத்துப் பிரதி போடுங்கள்.

பிரஜாவுரிமை (குடியுரிமை)ப் பத்திரம் இருக்கும் தகரப்பெட்டி அப்பாயி கையிலேயே வரட்டும். 1948 இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றுப்போன சனங்களுக்கு அது வெறும் தாளில்லை.

புது வீட்டுக்குக் கொண்டுபோக, ஒரு மாதம் முன்பே லயத்து வாசல் ரோசாவில் ஒரு சாண் கம்பு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போக நட்டுவையுங்கள்.