எத்தனை ரன் வரும்? பேஸ்பால் மைதானத்தையும் அன்றைய வானிலையையும் சேர்த்துப் படிக்கும் முறை

பேஸ்பாலில் உட்களத்தின் அளவுகள் எங்கும் ஒன்றுதான். பேட்டர் ஓடிக் கடக்க வேண்டிய நிலைகளான பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 90 அடி. பந்தை எறியும் பிட்சரின் தட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். அதற்கு அப்பால் வேலி எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும், எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும், களத்தின் பக்க எல்லையான ஃபௌல் கோட்டுக்கு வெளியே எவ்வளவு தரை விட வேண்டும் என்பவை அமெரிக்க மேஜர் லீகில் மைதானத்துக்கு மைதானம் வேறுபடுகின்றன. இவற்றோடு கடல் மட்டத்திலிருந்து உயரம், காற்று, வெப்பம் ஆகியவையும் சேரும்போது, ஓர் ஊரில் வேலியைத் தாண்டி ஹோம் ரன்னாகும் அடி இன்னோர் ஊரில் வேலியோரக் கேட்சாக முடிகிறது. ஓர் ஆட்டத்தில் ரன்கள் வழக்கத்தைவிடக் கூடுமா, குறையுமா என்று முன்கூட்டியே மதிப்பிட விரும்புபவருக்காக இந்த முறையை எழுதுகிறேன். இதன் அடிப்படை ஒன்றே: மைதானத்தின் இயல்பை முதலில் அறிந்துகொண்டு, அன்றைய வானிலை அந்த இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் அதன்மேல் கூட்டவோ கழிக்கவோ வேண்டும்.

மைதானத்தின் இயல்பை ஒரே எண்ணில் சொல்வது பார்க் ஃபேக்டர். ஓர் அணி தன் சொந்த மைதானத்தில் ஆடிய ஆட்டங்களில் இரு அணிகளும் சேர்ந்து எடுத்த ரன்களின் சராசரியை, அதே அணி வெளியூர்களில் ஆடிய ஆட்டங்களின் சராசரியால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, சொந்த மைதானத்தில் 81 ஆட்டங்களில் இரு தரப்பும் சேர்த்து 810 ரன்கள், வெளியூரில் 81 ஆட்டங்களில் 729 ரன்கள் என்று வைத்துக்கொண்டால், சராசரிகள் 10, 9. பார்க் ஃபேக்டர் ஏறத்தாழ 111; அதாவது வெளியூரைவிட அங்கே ஏறத்தாழ 11 விழுக்காடு அதிக ரன். இரண்டு பக்கமும் அதே அணியே இருப்பதால் அணியின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் அடிபட்டுப் போகின்றன. எஞ்சுவது மைதானத்தின் பங்கு. ஒரே ஆண்டின் எண் மிகவும் ஆடும் என்பதால் மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

மூன்று ஆண்டுகளைச் சேர்க்கும் முன், இடையில் மைதானம் மாறியதா என்று பார்க்கத் தவறக் கூடாது. பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸில் 2022ஆம் ஆண்டு இடதுபுற வேலியை 26 அடி வரை பின்னுக்குத் தள்ளி உயர்த்தினார்கள். 2025ஆம் ஆண்டுக்கு முன்னதாக அதன் ஒரு பகுதியை மீண்டும் முன்னே கொண்டுவந்தார்கள். டெட்ராய்டில் 2023ஆம் ஆண்டு நடுவேலி 10 அடி நெருங்கி வந்தது. பந்தை வைக்கும் விதமும் மாறியிருக்கிறது: ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் ஹியூமிடர் என்னும் அறையில் பந்துகளை வைத்திருந்து பயன்படுத்தும் வழக்கம் 2022 முதல் 30 மைதானங்களுக்கும் வந்துவிட்டது. ஆகவே அதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்களை, குறிப்பாக வறண்ட ஊர்களின் எண்களை, அப்படியே எடுத்துக்கொள்வது தவறாக முடியும்.

அடுத்து வேலி. பலரும் அதன் தூரத்தை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் ஹோம் பிளேட்டிலிருந்து வலது மூலைக்கு 314 அடி. சான்ஃபிரான்சிஸ்கோவின் ஆரக்கிள் பார்க்கில் 309 அடி. எண்ணை மட்டும் நம்பினால் இரண்டும், வலப்பக்கமாகத் தூக்கி அடிக்கும் இடது கை பேட்டர்களுக்கு ஒரே அளவு தாராளமானவை என்று தோன்றும். ஆனால் யாங்கி ஸ்டேடியத்தில் அந்தப் பக்கத்து வேலி தாழ்வானது; அங்கு உயரே தூக்கிய சாதாரண அடிகூட ரசிகர்களிடையே போய் விழும். ஆரக்கிள் பார்க்கிலோ அந்த மூலையில் 24 அடி உயரச் சுவர் நிற்கிறது. அது மூலையிலிருந்து வேகமாக விலகி வலது-நடுப் பகுதியில் 415 அடிக்கு ஓடுகிறது. போதாததற்குக் குளிர்ந்த கடற்காற்று வேறு. முன்னது இடது கை பேட்டர்களின் ஹோம் ரன்னுக்குப் பேர்போன இடம். பின்னது அதே பேட்டர்களின் ஹோம் ரன்னை விழுங்கும் இடம். எனவே தூரம், உயரம், வேலி வளையும் விதம் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பார்த்து, அன்றைய இரு அணிகளிலும் எந்தக் கை பேட்டர்கள் மிகுதி என்பதையும் அதனுடன் பொருத்திப் பார்க்க வேண்டும். பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடது மூலை 310 அடிதான் என்றாலும் 37 அடி உயரமுள்ள ‘கிரீன் மான்ஸ்டர்’ சுவர் இருப்பதால், தாழப் பறக்கும் வேகமான அடிகள் சுவரில் மோதி இரண்டு பேஸ் அடிகளாகின்றன. அங்கே ரன்கள் கூடுவது ஹோம் ரன்னால் மட்டும் அன்று.

ஃபௌல் கோட்டுக்கு வெளியே உள்ள தரையைச் சிலரே கவனிக்கிறார்கள். 2024 வரை ஓக்லண்ட் அணி ஆடிய கொலிசியத்தில் அந்தப் பரப்பு மிக அகலம். வேறு மைதானங்களில் பார்வையாளர் வரிசைக்குள் விழுந்து, பேட்டருக்கு இன்னொரு பந்தைப் பெற்றுத்தரும் தூக்கலான அடிகள் அங்கே கேட்சாயின.

உயரத்தின் தாக்கத்தை அறிய டென்வரின் கூர்ஸ் ஃபீல்டைப் போன்ற பாடம் வேறில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,200 அடி உயரத்தில் இருக்கும் அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரை ஊரில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தைத் தடுக்கும் இழுவை குறைவதால் அடி நெடுந்தூரம் போகிறது; அதே காரணத்தால் சுழலும் பந்தைத் திருப்பும் விசையும் குறைந்து, பிட்சரின் வளைபந்து வளைய வேண்டிய அளவு வளைவதில்லை. மைதானத்தை அமைத்தவர்கள் ஹோம் ரன்னைக் கட்டுப்படுத்துவதற்காக நடுவேலியை 415 அடிக்கு விலக்கினார்கள். ஆனால் அதனால் உட்களத்துக்கும் வேலிக்கும் இடைப்பட்ட அவுட்ஃபீல்டின் பரப்பு விரிந்து, மூன்று பேர் காக்க முடியாத இடைவெளிகள் உண்டாகி, ஒரு பேஸ் அடிகளும் மூன்று பேஸ் அடிகளும் பெருகின. ஒரு வாயிலை அடைத்தால் ரன் இன்னொரு வாயிலாக வரும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் மைதானத்தை நான் அறியேன். 1999ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 303 ஹோம் ரன்கள் பறந்தன. வறண்ட மலைக்காற்றில் காய்ந்து, எடை குறைந்து, அதிகமாகத் துள்ளிய பந்துகளுக்காக 2002இல் ஹியூமிடரை முதலில் நிறுவியதும் அங்கேதான். அதன் பிறகு ரன்கள் குறைந்தபோதிலும் ரன் மிகுந்த மைதானம் என்ற இயல்பு மாறவில்லை.

இனி அன்றைய வானிலை. அதில் முதலிடம் காற்றுக்கே. வானிலை அறிக்கை காற்றை அது வரும் திசையால் குறிப்பிடுகிறது. தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் அழைத்த நமக்கு இது புதிதன்று. ஆனால் திசையை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை. மைதானம் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். மாலை வெயில் பேட்டரின் கண்ணில் படாதிருக்க, ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் நோக்கிய கோடு கிழக்கு-வடகிழக்காக அமைவது விரும்பத்தக்கது என்று விதிப்புத்தகம் சொல்கிறது. எல்லா மைதானங்களும் அதைப் பின்பற்றவில்லை. ஆகவே வரைபடத்தில் அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு வடகிழக்கு நோக்கியது. மிச்சிகன் ஏரியிலிருந்து வீசும் வடகிழக்குக் காற்று பேட்டரின் முகத்துக்கு எதிரே வந்து, உயர எழும் அடிகளைத் திருப்பித் தள்ளுகிறது. தென்மேற்குக் காற்றோ அவற்றை வெளியே தூக்கிச் செல்கிறது, அது பெரும்பாலும் வெப்பத்தையும் உடன் கொண்டுவருகிறது. 1979 மே 17 அன்று காற்று வெளிநோக்கி வீச, ஃபிலடெல்பியா அணி அங்கே 10 இன்னிங்ஸில் 23–22 என்று வென்றது.

எதிர்க்காற்று பறிக்கும் தூரம், அதே வேகத்தில் பின்காற்று கொடுக்கும் தூரத்தைவிட அதிகம். குறுக்குக்காற்று பந்தைத் திசைமாற்றுமே தவிர ரன்களைப் பெரிதாக மாற்றாது. அறிக்கையில் உள்ள வேகம் பொதுவாகத் திறந்தவெளியில் அளந்தது; உயர்ந்த பார்வையாளர் அடுக்குகள் சூழ்ந்த மைதானத்துக்குள் அது தணிந்தும் சுழன்றும் போகலாம். அதனால் மணிக்கு 5 மைலுக்குக் குறைவான காற்றை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. 10 மைலைத் தாண்டினால் மதிப்பீட்டைத் துணிந்து மாற்றுகிறேன்.

வெப்பத்தின் பங்கு இதைவிடச் சிறியது, ஆனால் நம்பகமானது. 400 அடி போகும் அடிக்கு, வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் ஏறத்தாழ 3 அடி கூடுகிறது. ஏப்ரல் மாத 50 டிகிரி இரவுக்கும் ஜூலை மாத 90 டிகிரிப் பகலுக்கும் இடையே 12 அடி வித்தியாசம் என்றால், வேலியோரம் விழும் பல பந்துகளின் தலையெழுத்து அதில் அடங்கிவிடும். ஈரப்பதத்தைப் பற்றி மட்டும் ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: புழுக்கமான காற்று கனமானது, பந்தைத் தடுக்கும் என்கிறார்கள். நீராவி மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட இலேசானது. எனவே ஈரக்காற்றின் அடர்த்தி சற்றுக் குறைவே. விளைவு மிகச் சிறியதாதலால் அதை விட்டுவிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கூரை மூடியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஹூஸ்டன், மியாமி, ஃபீனிக்ஸ் போன்ற ஊர்களில் மூடிய கூரைக்குள் ஆடும் நாளில் வெளியே அடிக்கும் காற்றுக்கும் வெயிலுக்கும் வேலையில்லை. சியாட்டிலின் கூரை மட்டும் குடையைப் போன்றது. மழையைத் தடுக்கும், பக்கவாட்டில் திறந்திருப்பதால் குளிரைத் தடுக்காது.

கூட்டிக் கழிக்கும்போதுதான் பிழை நேர்கிறது. டென்வர் ஆட்டத்துக்கு 100க்கு வெகுவாக மேற்பட்ட பார்க் ஃபேக்டரை எடுத்துக்கொண்ட பிறகு ‘மெல்லிய காற்று’ என்று மீண்டும் ரன்களைக் கூட்டினால் ஒரே காரணத்தை இரண்டு முறை எண்ணியதாகும். சான்ஃபிரான்சிஸ்கோவின் 60 டிகிரி மாலைக்குக் கழிக்க வேண்டியது எதுவுமில்லை. அந்தக் குளிர் அவ்வூரின் இயல்பில் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே அரிதாக 85 டிகிரி வந்தால் அதற்குக் கூட்டலாம். டென்வரில் ஏப்ரல் மாதம் 40 டிகிரிக் குளிர் வந்தால் கழிக்கலாம். அதன் பிறகு அன்றைய பிட்சர்களைப் பாருங்கள். தரையோடு உருளும் அடிகளையே வரவழைக்கும் பிட்சர் ஆடும் நாளில் வெளிநோக்கி வீசும் காற்றுக்குத் தூக்கிச்செல்லப் பந்துகள் குறைவு. உயரடிகளை அதிகம் கொடுப்பவருக்கு அதே காற்று பேரிடர்.

ஒரே ஆட்டத்தை வைத்து இந்த மதிப்பீட்டைச் சரியென்றோ தவறென்றோ முடிவுகட்ட வேண்டாம். 2023 ஏப்ரலில் மெக்சிகோ நகரில், ஏறத்தாழ 7,300 அடி உயரத்தில், சான் டியேகோவும் சான்ஃபிரான்சிஸ்கோவும் இரண்டு ஆட்டங்கள் ஆடின. முதல் ஆட்டம் 11 ஹோம் ரன்களுடன் 16–11 என்று முடிந்தது. மறுநாள் அதே மைதானத்தில் 6–4. ஆகவே ஆட்டத்துக்கு முன்பே காற்றின் திசை, வேகம், வெப்பநிலை, கூரை, நீங்கள் எதிர்பார்க்கும் ரன் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதிவையுங்கள். ஆட்டம் முடிந்ததும் மொத்த ரன்னுடன், வேலியோரம் பிடிபட்ட அடிகள் எத்தனை, வேலியை மயிரிழையில் தாண்டியவை எத்தனை என்பதையும் அதன் பக்கத்தில் குறியுங்கள். ஐம்பது அறுபது ஆட்டங்கள் சேர்ந்த பிறகு, எந்த மைதானத்தில் காற்றுக்கு அதிகமாகவும் எதில் குறைவாகவும் மதிப்புக் கொடுத்தீர்கள் என்பது அந்த வரிகளிலேயே தெரியும்.