திரையில் அழகு, கையில் சொதப்பல்: வீட்டுக் காகித வேலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை, பண்டிகைக்கு ஒரு காகிதத் தோரணம், வரும் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சின்னதாக ஒரு பரிசுப்பெட்டி. இணையத்தில் டெம்ப்ளேட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. பதிவிறக்கி, அச்சடித்து, வெட்டி, ஒட்டினால் முடிந்தது என்றுதான் தோன்றும். கடைசியில் பார்த்தால் மடிப்பு வெடித்திருக்கும், பெட்டி மூடாது, அட்டை உறைக்குள் நுழையாது. நமக்குக் கைத்திறமை போதவில்லை என்று நினைத்துக்கொள்வோம். பெரும்பாலும் விஷயம் அதுவல்ல. திரையில் தெரியும் காகிதத்துக்குத் தடிமன் கிடையாது, எடை கிடையாது, ஈரம் பட்டால் அது நெளிவதும் இல்லை. கையில் இருக்கும் காகிதத்துக்கு இதெல்லாம் உண்டு. தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

பிரிண்டரில் ஏற்கெனவே இருக்கும் தாளிலேயே எல்லாவற்றையும் அச்சடிப்பதில் தொடங்குவோம். அது பெரும்பாலும் 70 முதல் 80 ஜிஎஸ்எம் தாளாக இருக்கும். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்ற கணக்கு. கடிதத்துக்கு அது சரி. ஆனால் அந்தத் தாளில் வாழ்த்து அட்டை செய்து மேசையில் நிறுத்தினால் சற்று நேரத்தில் குனிந்துவிடும். நிற்க வேண்டிய அட்டைக்கு 200 முதல் 300 ஜிஎஸ்எம் வேண்டும். தோரணத்துக்கு 120, 160 போதும். அதற்கு மேல் போனால் நூல் நடுவில் தொய்கிறது. காகிதத்தை மடித்தே உருவம் செய்யும் ஓரிகாமியில் பல மடிப்புகள் வரும், அதற்கு மெல்லிய தாள்தான் நல்லது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. இருப்பதிலேயே தடிமனான அட்டையைப் பிரிண்டரில் திணித்து, அது பாதியில் சிக்கி, இழுத்தெடுக்கும்போது கிழிந்து, மிச்சம் உள்ளேயே நின்றுவிடும். உங்கள் பிரிண்டர் எத்தனை ஜிஎஸ்எம் வரை தாங்கும் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கும், ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத் தட்டு இருந்தால் அட்டையை அதில் வையுங்கள். அங்கே காகிதம் அதிகம் வளையாமல் போகும். தாங்காது என்றால் மெல்லிய தாளில் அச்சடித்து அட்டையின் மேல் ஒட்டிவிடலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: இங்க்ஜெட்டுக்கான பளபளப்பான ஃபோட்டோ தாளை லேசர் பிரிண்டரில் போடாதீர்கள். லேசர் பிரிண்டர் டோனர் என்ற மைப்பொடியைச் சூடாக்கித்தான் தாளில் பதிக்கிறது. அந்தச் சூட்டில் தாளின் மேல்பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொண்டால் தாளோடு பிரிண்டரும் போகும்.

மடிப்பு ஏன் வெடிக்கிறது

காகிதத்துக்கும் ஒரு போக்கு உண்டு. ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படுத்துக்கொள்கின்றன. நார் ஓடும் வாக்கில் மடித்தால் மடிப்பு வழவழவென்று விழும். குறுக்கே மடித்தால் நார் முறிந்து, மடிப்பின் மேல் சொரசொரப்பான வெள்ளைக் கோடு தெரியும். அடர்நீலமோ கறுப்போ அச்சடித்த அட்டையில் இது அப்பட்டமாகத் தெரியும். லேசர் அச்சாக இருந்தால் டோனரே செதில் செதிலாக உதிரும்.

திசையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தாளை மேசையில் வைத்து, ஒரு விளிம்பைத் தூக்கி, மடிக்கப் போவது போல வளைத்து, உள்ளங்கையால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு மற்ற வாக்கிலும் அதையே செய்யுங்கள். எந்த வளைவு சுலபமாக இணங்குகிறதோ, அதன் மடிப்புக் கோட்டின் வாக்கில்தான் நார் ஓடுகிறது. முதுகு மடிப்பு அந்த வாக்கில் வருமாறு அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தடித்த அட்டையை அப்படியே விரலால் மடிக்கக் கூடாது. முதலில் கோடு அழுத்த வேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா இதற்கு அருமையான கருவி. அட்டைக்கடியில் இரண்டு மூன்று செய்தித்தாளை வைத்து, ஸ்கேல் வைத்து, ஒரே சீராக இழுத்தால் ஒரு பள்ளம் விழும்; மறுபக்கம் சின்னதாக ஒரு புடைப்பு எழும். இங்கேதான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பள்ளம் இருக்கிறதே, அதற்குள் மடங்கும் என்று நினைத்து உள்நோக்கி மடிக்கிறார்கள். பள்ளம் மடிப்பின் வெளிப்பக்கமும் புடைப்பு உட்பக்கமும் வர வேண்டும். அப்போதுதான் மேற்பரப்பு இழுபடாமல் மடியும். பேனாவுக்குப் பதில் கட்டர் பிளேடால் லேசாகக் கீறி மடிப்பவர்களும் உண்டு. பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். நாலு தடவை திறந்து மூடினால் அட்டை இரண்டாகிவிடும்.

100 சதவீதம் என்று சொல்லிவிட்டுத்தான் அச்சடிக்க வேண்டும்

அச்சடிக்கும்போது பல மென்பொருள்கள், நம்மைக் கேட்காமலேயே, பக்கத்துக்குப் பொருத்தமாகப் படத்தைச் சுருக்கிவிடும். வாழ்த்து அட்டையில் இது பெரிதாகத் தெரியாது. பெட்டியில் தெரியும். மூடி ஒரு பக்கம், அடிப்பாகம் இன்னொரு பக்கம். மூடியைச் சுருக்கியும் அடியை முழு அளவிலும் அச்சடித்துவிட்டால், எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் மூடி இறங்காது. இணையத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகள் பல, அமெரிக்காவில் வழங்கும் லெட்டர் என்ற தாள் அளவில் இருக்கும். அதன் அகலம் 216 மி.மீ., உயரம் 279 மி.மீ. ஏ4 தாளோ 210-க்கு 297. லெட்டர் பக்கம் ஏ4 அகலத்துக்குள் அடங்க ஏறக்குறைய 97 சதவீதமாகச் சுருங்க வேண்டும். அப்படிச் சுருங்கினால் 10 செ.மீ. பக்கம் 9.7 செ.மீ. ஆகிறது. 3 மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் மூடிக்கும் அடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே 2 மி.மீ.க்கு மேல் இருக்காது.

அச்சு அமைப்பில் ‘உண்மை அளவு’ அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெம்ப்ளேட்டின் ஒரு மூலையில் 5 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்து, முதல் தாள் வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 5 வரவில்லையா? கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

உறை விஷயமும் அளவுதான். அட்டையைச் செய்து முடித்துவிட்டு உறை தேடுவது வீண் அலைச்சல். ஏ4 தாளை ஒருமுறை மடித்தால் ஏ5, அது சி5 உறைக்குள் போகும். ஏ5-ஐ மடித்தால் ஏ6, அதற்கு சி6 உறை, 114-க்கு 162 மி.மீ. சதுர அட்டை ஆசை வந்தால் உறையையும் நீங்களே மடிக்க வேண்டியிருக்கும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே பூ, மணி என்று ஒட்டிய அட்டை தட்டையான உறைக்குள் போகவே போகாது.

பக்கவாட்டில் திறக்கும் அட்டையை அச்சடிக்கும்போது, முகப்புப் படம் தாளின் வலது பாதியில் இருக்க வேண்டும். இடது பாதி பின்னட்டை. திரையில் இடமிருந்து வலமாகப் பார்த்துப் பழகியதால் முகப்பை இடது பக்கம் வைத்துவிடுகிறோம். மடித்த பிறகுதான் தவறு தெரியும். படுக்கைவாட்டுப் பக்கத்தில் இருபுறமும் அச்சடிக்கும்போது குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வாழ்த்து தலைகீழாக நிற்கும். இது எல்லாருக்கும் நடக்கிறது, ஆகவே முதல் பிரதியைச் சாதாரணத் தாளில் எடுங்கள்.

படமும் நிறமும்

வாட்ஸ்அப்பில் வந்த குடும்பப் படத்தை எடுத்து ஏ4 அளவுக்கு நீட்டினால் முகங்கள் கலங்கிப்போகும். நன்றாக அச்சாக அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான கணக்கு. ஏ4 முழுப் பக்கத்துக்கு அது 2480-க்கு 3508 பிக்சல். 10-க்கு 15 செ.மீ. படத்துக்கு 1181-க்கு 1772 இருந்தால் போதும். செயலியில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. எடுத்தவரிடமே கேட்டு, ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சின்னப் படம்தான் இருக்கிறது என்றால் சின்னதாகவே வைத்து, சுற்றி வெள்ளை விடுங்கள். அது பார்க்கவும் நன்றாக இருக்கும்.

திரை தானே ஒளிவிடுகிறது, காகிதம் ஒளிவிடாது. அதனால் அச்சில் எல்லாமே ஒரு படி இருட்டாகத்தான் வரும், பளீர் பச்சையும் ஊதாவும் மங்கும். படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி, ஓரத்தில் சின்னத் துண்டாக அச்சடித்துப் பார்த்துவிட்டு முழுப் பக்கத்துக்குப் போங்கள். வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றால் தாளின் விளிம்பு வரை அச்சடிக்க முடியாது, சில மி.மீ. வெள்ளை விட்டுவிடும். நிறம் விளிம்பு வரை வர வேண்டுமென்றால், படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டி வரைந்து, பெரிய தாளில் அச்சடித்து, பிறகு வெட்ட வேண்டும்.

தமிழ் எழுத்துத் தோரணம்

ஆங்கில எழுத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் தமிழை அப்படியே நுழைக்கும்போது வரும் சிக்கல் தனி ரகம். ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று எழுத 12 கொடிகள் வேண்டும், சொல்லுக்கு 6. அதில் ஐந்து எழுத்துகளுக்கு மேலே புள்ளி இருக்கிறது, இரண்டு எழுத்துகளுக்குப் பக்கத்தில் கால் இருக்கிறது. எழுத்தைத் தனியாக வெட்டி எடுத்தால் புள்ளி வேறு, கால் வேறு என்று கழன்று விழும். கட்டிங் மெஷினும் அவற்றைத் தனித்தனித் துண்டுகளாகத்தான் வெட்டித் தரும். மேசையைத் துடைக்கும்போது புள்ளி குப்பையோடு போய்விடும். ஆகவே எழுத்தை ஒரு வட்டத்திலோ முக்கோணக் கொடியிலோ ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன், எல்லாத் துண்டுகளையும் தரையில் பரப்பி ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். கால் இரண்டு எழுத்துக்கு நடுவே தனிக் கொடியில் நின்றால் படிக்கவே முடியாது.

கணினியில் வடிவமைத்த தமிழ் வரிகள் வேறொரு கணினியில் திறக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துரு அங்கே இல்லாததாலோ, அந்த மென்பொருளுக்குத் தமிழை இணைத்துக் காட்டத் தெரியாததாலோ இது நடக்கிறது. அச்சகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் வடிவமைப்புக் கோப்பை அனுப்பாதீர்கள். எழுத்துருவையும் உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக மாற்றி, அதைக் கைபேசியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

வெளி வடிவத்தை முதலில் வெட்டிவிட்டு அதற்குள் சின்ன ஜன்னல்களை வெட்ட முயன்றால் பிடித்துக்கொள்ள இடமே இருக்காது. உள் வெட்டுகள் முதலில், வெளி விளிம்பு கடைசியில். கட்டரை ஒரே அழுத்தில் இழுக்காமல் இரண்டு மூன்று மெல்லிய இழுப்பாக இழுங்கள். காகிதம் கிழிவது பெரும்பாலும் மழுங்கிய பிளேடால். நுனியை உடைத்துப் புதிதாக்கத் தயங்க வேண்டாம். ஸ்கேல் இரும்பாக இருக்கட்டும். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கட்டர் செதுக்கிக்கொண்டு விரல் மேல் ஏறிவிடும். இந்த வேலை பெரியவர்களுடையது. குழந்தைகளுக்கு மழுங்கிய முனைக் கத்தரிக்கோலும் வளைவுகளும் போதும். அவர்கள் வெட்டியதைத் திருத்தி நேராக்க வேண்டாம்.

பசையில் ஒரே தவறுதான், அளவுக்கு மேல் வைப்பது. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. நார் அதை உறிஞ்சிப் பெருத்து, தாள் அலை அலையாக நெளியும். மெல்லிய தாளுக்குக் கிளூ ஸ்டிக் அல்லது இருபக்க டேப். பெட்டியின் ஒட்டுப்பட்டைக்கு வெள்ளைப் பசை நல்லது. ஆனால் விரலால் மெல்லப் படலமாகத் தேய்த்து, பிடிக்கும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒட்டுப்பட்டையில் அச்சு இல்லாமல் வெறுமையாக விடுங்கள், பிடிப்பு கூடும். இங்க்ஜெட் அச்சு நன்றாகக் காய்ந்த பிறகே பசைப் பக்கம் போங்கள், இல்லையேல் நிறம் ஓடும்.

திறந்தால் எழுந்து நிற்கும் பாப்-அப் அட்டையில் ஒரு கணக்கு இருக்கிறது, டெம்ப்ளேட்டை மாற்றும்போது அதை மறந்துவிடுகிறோம். முதுகு மடிப்பிலிருந்து படம் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பதையும் படத்தின் உயரத்தையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை, முதுகிலிருந்து அட்டையின் விளிம்பு வரையுள்ள நீளத்தைத் தாண்டக் கூடாது. 10.5 செ.மீ. பக்கத்தில் 4 செ.மீ. முன்னால் 8 செ.மீ. கேக் படத்தை நிறுத்தினால் 12 ஆகிறது. அட்டையை மூடும்போது கேக்கின் மேற்பகுதி ஒன்றரை செ.மீ. வெளியே எட்டிப் பார்க்கும். கேக்கைக் குட்டையாக்குங்கள், அல்லது பின்னால் தள்ளுங்கள்.

நிஜக் கேக்கின் மேல் குத்தும் காகித அலங்காரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். அச்சடித்த காகிதம் கேக்கைத் தொடவே வேண்டாம். எண்ணெய் ஏறி மை கசியும். குச்சியில் உயர்த்தி நிறுத்துங்கள். மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். தோரணமும் தீபத்துக்கோ வர்த்திக்கோ மேலே தொங்கக் கூடாது. காகித விளக்குக் கூட்டுக்குள் பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி போதும்.

பழைய குடும்பப் படங்களை வைத்து அலங்காரம் செய்யும் ஆசை வந்தால் அசல் படத்தில் கத்தரிக்கோலை வைக்காதீர்கள். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, அச்செடுத்து, அந்தப் பிரதியை வெட்டுங்கள். அசலின் மேல் செல்லோ டேப்பும் வேண்டாம், வருடங்கள் போனால் அது மஞ்சளாகிக் கறை விடும்.

அச்சே வேண்டாம், கைபேசியிலேயே அழைப்பிதழ் அனுப்பிவிடலாம் என்பவர்களும் இரண்டு இடத்தில் வழுக்குகிறார்கள். ஏ4 பக்கத்தை அப்படியே அனுப்பினால் தேதியும் நேரமும் பொடி எழுத்தாகி, பாட்டி தாத்தா விரலால் விரித்து விரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். நிமிர்ந்த, ஒல்லியான பக்கமாக வடிவமைத்து, நேரமும் இடமும் பெரிதாக இருக்கட்டும். அதே விவரத்தைப் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் போடுங்கள், நகலெடுக்க வசதி. இரண்டாவது, குழந்தையின் முழுப்பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி மூன்றையும் ஒரே படத்தில் போட்டு எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் பதிவது. பொதுவில் போடும் படத்தில் செல்லப்பெயர் மட்டும் போதும். முகவரி, வருபவர்களுக்குத் தனியாகப் போகட்டும்.