ஸ்டார்ஷிப் ஏவலுக்கு அலாரம் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

2025 ஆகஸ்ட் 25, திங்கட்கிழமை அதிகாலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்தேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய போகா சிக்கா கடற்கரையிலிருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட் பத்தாவது முறையாகப் பறக்கவிருந்தது. நம் நேரப்படி ஐந்து மணிக்கு. பறக்கவில்லை, ஏவுதளத்துக் குழாய்களில் கோளாறு, திரவ ஆக்சிஜன் கசிவு. மறுநாளும் எழுந்தேன். கவுன்ட்டவுன் 40 விநாடியில் வந்து நின்றது. இடி மேகம் என்று சொல்லித் தள்ளிவைத்தார்கள். 27ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு கிளறிக்கொண்டிருந்த என் மனைவி, "பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு டிவியைப் போடுங்கள்" என்றார். அன்று சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.

இந்த ராக்கெட்டுக்காகக் காத்திருப்பவர்கள் செய்கிற தவறுகளில் பாதியை நானே செய்து பார்த்தவன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

அறிவித்த தேதியைக் கல்யாண முகூர்த்தம் போல எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. "இந்தத் தேதிக்கு முன்னால் இல்லை" என்பதுதான் அந்த அறிவிப்பின் பொருள். அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். எலான் மஸ்க் வாயிலிருந்து வரும் தேதிக்கு இன்னும் தாராளமாகத் தள்ளுபடி கொடுக்க வேண்டும். 2019 செப்டம்பரில், பளபளக்கும் ஒரு மாதிரி ராக்கெட்டின் முன்னால் நின்றுகொண்டு, ஆறு மாதத்துக்குள் சுற்றுப்பாதையை எட்ட முயல்வோம் என்றார். முழு ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது 2023 ஏப்ரல் 20 அன்று. அதுவும் 17ஆம் தேதி முயன்று, ஒரு வால்வு உறைந்துபோனதால் கைவிட்ட பிறகு.

பேச்சைவிட நடமாட்டத்தைக் கவனிப்பது நல்லது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. உரிமம் கொடுத்துவிட்டதா, விமானிகளுக்கும் கப்பல்களுக்கும் எச்சரிக்கை போயிருக்கிறதா, ஏவுதளத்துக்குப் போகும் நெடுஞ்சாலை 4ஐ மூடும் நாளை உள்ளூர் நிர்வாகம் அறிவித்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் நடந்திருந்தால் அலாரம் வைக்கலாம். இடையில் தரையில் கட்டிப்போட்டு எஞ்சின்களை மட்டும் எரித்துப் பார்க்கும் சோதனைகள் நடக்கும். அவற்றை ஏவல் என்று நினைத்துப் பரபரப்பவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. 2025 ஜூன் 18 இரவு சோதனை மேடையில் ஒரு ஸ்டார்ஷிப் வெடித்ததே, அதைக்கூட "ஏவிய ராக்கெட் வெடித்தது" என்று பகிர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. டெக்சாஸ் கடிகாரத்துக்கும் நமக்கும் கோடையில் பத்தரை மணி நேரம், குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம். அங்கே மாலை என்றால் இங்கே மறுநாள் விடியற்காலை. ஆகஸ்ட் 24 என்று போட்டிருந்ததைப் பார்த்து, நம் 24ஆம் தேதி அதிகாலையில் எழுந்து ஏமாந்தவர் என் நண்பர் ஒருவர். பதினோராவது பறப்பு அவர்களுக்கு அக்டோபர் 13, நமக்கு 14 அதிகாலை 4.53. எல்லாமே விடியற்காலை என்றும் நினைத்துவிடக் கூடாது. 2024 அக்டோபர் 13 அன்று, மேலே தள்ளிவிட்டுத் திரும்பி வந்த பூஸ்டரை, அதாவது ராக்கெட்டின் கீழ்ப்பாகத்தை (மேல்பாகத்தின் பெயரும் ஸ்டார்ஷிப்தான்), ஏவுதளக் கோபுரத்தின் இயந்திரக் கைகள் முதன்முதலாகப் பிடித்தபோது நமக்கு மாலை ஆறு மணி, காபி நேரம்.

எழுந்த பிறகு என்ன பார்ப்பது? பலரும் திரையின் மூலையில் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ராக்கெட்டின் உடம்பைப் பாருங்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்குள்தான் எரிபொருள் நிரப்பத் தொடங்குவார்கள். திரவ மீத்தேனும் திரவ ஆக்சிஜனும் சேர்த்து 4,500 டன்னுக்கு மேல். ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரிக்கும் கீழே குளிர்ந்தது. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று அந்த எஃகுச் சுவரில் பட்டதும் உறைந்து வெண்படலமாகிறது. தொட்டி நிறைய நிறைய அந்த வெள்ளைக் கோடும் மேலே ஏறும், மோர்ப் பானையின் வெளிப்புறத்தில் நீர் வேர்ப்பது போல. கிளம்ப அரைமணி இருக்கும்போதும் எஃகு பளபளவென்று மின்னினால், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடலாம். திங்கட்கிழமை எனக்கு இது தெரியாது. சுற்றிலும் மிதக்கும் வெண்மை கசிவோ தீப்புகையோ அல்ல, குளிரில் திரண்ட நீராவிதான். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் "புகை வருகிறது" என்று அலறுவதால் இதைச் சொல்கிறேன்.

40 விநாடியில் கடிகாரம் நின்றால் கோளாறு என்று முடிவுகட்ட வேண்டாம். கடைசிச் சரிபார்ப்புக்காக அங்கே நிறுத்திவைக்க வழியுண்டு. ஆனால் நெடுநேரம் நிறுத்த முடியாது. அளவுக்கு மீறிக் குளிரவைத்த எரிபொருள் சூடேறத் தொடங்கிவிடும். அதற்குள் சரியானால் புறப்பாடு, இல்லையென்றால் இன்னொரு நாள்.

பார்க்கும் இடத்திலும் ஏமாற்றம் காத்திருக்கிறது. யூடியூபில் நிறுவனத்தின் சின்னத்தை ஒட்டிக்கொண்டு, பழைய காட்சிகளை நேரலை என்று ஓட்டும் போலிச் சேனல்கள் ஏவல் நாளில் காளான் போல முளைக்கும். நடுவே செயற்கை நுண்ணறிவால் செய்த மஸ்க் தோன்றி, பிட்காயின் அனுப்பினால் இரட்டிப்பாகத் தருகிறேன் என்பார். அனுப்பியது போனதுதான். ஸ்பேஸ்எக்ஸின் நேரலை அதன் இணையதளத்திலும் எக்ஸ் தளத்திலும் வருகிறது. நாசாஸ்பேஸ்ஃப்ளைட் என்ற சேனலின் ஒளிபரப்பு நன்றாகவே இருக்கும். பெயரில் நாசா இருந்தாலும் அது தனியார் ஊடகம். அதில் சொன்னதை "நாசா அறிவித்தது" என்று பகிராதீர்கள்.

இனி, வெற்றி தோல்விச் சண்டை. இதில் இரண்டு கட்சிகள். வெடித்தால் தோல்வி என்பது ஒரு கட்சி. எது நடந்தாலும் பாடம் கிடைத்தது, எனவே வெற்றி என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறித்தனம். ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் எதைச் சோதிக்கப்போகிறோம் என்று நிறுவனமே எழுதி வெளியிடுகிறது. அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

பத்தாவது பறப்பையே எடுத்துக்கொள்வோம். கிளம்பி ஒரு மணி ஆறு நிமிடம் கழித்து, ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலில் ஸ்டார்ஷிப் நிமிர்ந்து இறங்கியது. மிதவையில் வைத்திருந்த கேமரா அதைப் படம் பிடித்தது. மெல்ல நீரைத் தொட்டது, சாய்ந்தது, வெடித்தது. எனக்கு வாட்ஸ்அப்பில் வந்ததோ கடைசிப் பத்து விநாடி மட்டும், "மறுபடியும் வெடித்துவிட்டது" என்ற குறிப்போடு. தண்ணீரில் இறங்கிய ஐம்பது மீட்டர் உயர எஃகு உருளை சாய்ந்து விழும் என்பது எதிர்பார்த்ததே. அதை மீட்கும் திட்டம் அன்று இல்லை. மாதிரிச் செயற்கைக்கோள்கள் எட்டை வெளியே தள்ளுவது, வளிமண்டலத்தின் சூட்டைத் தாங்கித் திரும்புவது, குறித்த இடத்தில் இறங்குவது ஆகியவை முக்கியமான வேலைகள். மூன்றும் நடந்தன.

2025 ஜனவரி 16 பறப்பு வேறு கதை. பூஸ்டரைக் கோபுரம் அழகாகப் பிடித்தது, கைதட்டினார்கள். மேலே போன ஸ்டார்ஷிப் சிதறி, அதன் துண்டுகள் டர்க்ஸ் அண்டு கெய்கோஸ் தீவுகளின் வானத்தில் எரிந்துகொண்டே விழுந்தன. விமானங்கள் பாதை மாறிப் பறந்தன. இதையும் "பாடம்" என்று மட்டும் சொல்லித் தாண்டிப் போகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

'மீண்டும் பயன்படுத்தும் ராக்கெட்' என்ற பட்டமும் கொஞ்சம் குழப்புகிறது. 2025 அக்டோபர் வரை நடந்த 11 பறப்புகளில் திரும்பவும் பறந்தவை சூப்பர் ஹெவி பூஸ்டர்கள் மட்டுமே. முதல்முறையாக, ஒன்பதாவது பறப்பில். மேலே போகும் ஸ்டார்ஷிப் அதுவரை ஒன்றுகூட மறுபடி பறக்கவில்லை. பூஸ்டரையும் ஒவ்வொரு முறையும் பிடிக்க முயல்வதில்லை. பத்திலும் பதினொன்றிலும் வேண்டுமென்றேதான் கடலில் இறக்கினார்கள். "பிடிக்கத் தவறிவிட்டது" என்று எழுதுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் இருக்கும் நம்மவர்கள் காரெடுத்துச் சென்று நேரில் பார்ப்பதுண்டு. சவுத் பாட்ரே தீவிலிருந்து ஏவுதளம் ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர். ஒரே ஒரு இரவுக்கு மட்டும் விடுதி எடுக்காதீர்கள், காரணம் மேலேயே இருக்கிறது. 33 எஞ்சின்களும் பற்றும்போது முதலில் வருவது வெளிச்சம் மட்டும்தான். பலர் அதைப் படமெடுத்துவிட்டு, "சத்தமே இல்லையே" என்று கைபேசியைப் பையில் போட்டுவிடுகிறார்கள். ஒலி அந்த எட்டுக் கிலோமீட்டரைக் கடக்க இருபத்து மூன்று, இருபத்து நான்கு விநாடி ஆகும். அது வரும்போது முதலில் நெஞ்சுக்கூடுதான் அதிரும். பூஸ்டர் திரும்பி வருகிற நாளாக இருந்தால், ஏழாவது நிமிடத்தையொட்டி வெடிச்சத்தம் போல இன்னொன்று கேட்கும். குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருந்தால், அதற்குள் காதைப் பொத்திவிடுங்கள்.