தம்பினிலிருந்து மலாக்கா: முதன்முறை சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவில் தம்பின் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு மலாக்கா என்றால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்தான். ஊரைப் பார்த்தாயா என்று கேட்டால், "அந்தச் சிவப்புக் கட்டடம்தானே?" என்போம். அரை நாள் இருந்தால் ஒழுங்காகவே பார்த்துவிடலாம்.

1. நாளும் நேரமும்

ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான். பேருந்து மலாக்கா சென்ட்ரலில் விடும். இறங்கியதுமே திரும்பி வரும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் நேரம் போவதே தெரியாது.

2. கோட்டை வாசல்

வெயில் தாழ்ந்ததும் இங்கிருந்து தொடங்குங்கள். மதில் சூழ்ந்த நகரம் என்று படித்துவிட்டு மதிலைத் தேடினால் கிடைக்காது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் கட்டிய கோட்டையை ஆங்கிலேயர் 1807இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் குறுக்கிட்டதால் இந்த ஒரு வாசல் பிழைத்தது. மேலே 1670 என்று பொறித்திருக்கும். அது இடையில் ஆண்ட டச்சுக்காரர் வேலை. கடல் ஒரு காலத்தில் இதன் அருகில்தான் இருந்தது. பிறகு மண்ணைக் கொட்டித் தள்ளிவிட்டார்கள்.

வாசலுக்குப் பின்னால் படியேறினால் குன்றின்மேல் கூரையில்லாத தேவாலயம். புனித சவேரியாரின் உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் 1553இல் இங்கேதான் வைத்திருந்தார்கள். மறுபக்கம் இறங்கினால் டச்சுக்காரர் காலத்து அந்தச் சிவப்புக் கட்டடங்கள். படம் எடுத்துக்கொண்டு நகருங்கள்.

3. ஆற்றைத் தாண்டி

பாலம் கடந்ததும் எல்லாரும் ஜோங்கருக்குள் நுழைவார்கள். நீங்கள் முதலில் துக்காங் எமாஸ் தெருவுக்குப் போங்கள். டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் மலாக்கா செட்டிகள் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. இந்தச் செட்டிகள் தமிழ் வணிகர் வழி வந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது நம் சாமி. ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்ட நம் பாட்டன்கள் கப்பலேறுவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே தமிழர் கடை விரித்திருந்தார்கள் என்று அந்தக் கோயில் வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அதே வரிசையில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், சற்றுத் தள்ளிச் சீனர் கோயில். மூன்றுக்கும் பொடிநடைதான்.

4. வாங்குவது

சுமக்க வேண்டாம், கடைசியில் வாங்குங்கள். காந்தம், சாவிக்கொத்து எல்லாம் எங்கும் கிடைக்கும், விடுங்கள். மணி கோத்த ஞோஞ்ஞா (மலாய் வழக்கங்களோடு கலந்த சீனக் குடும்பத்துப் பெண்கள்) செருப்பு கைவேலை என்றால் விலை அதிகம்தான். மலிவாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

கூலா மலாக்கா என்ற தென்னை வெல்லத்தைத்தான் பார்த்து வாங்க வேண்டும். தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி மூங்கில் குழாயில் ஊற்றி எடுப்பது. பொட்டலத்தின் பின்னால் 'கூலா பாசிர்' என்று இருந்தால் வெள்ளைச் சர்க்கரை கலந்தது. கல் மாதிரி இருந்தாலும் வேண்டாம். நல்லது நகத்தால் கீறினால் பொலபொலவென உதிரும். பாயசத்துக்கு அதற்கு இணை இல்லை.

அப்புறம் சிஞ்சாலோக், அதாவது புளிக்கவைத்த கூனி இறால். போத்தலை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி நிமிர்த்தியே வையுங்கள். ஒருமுறை என் பையில் கசிந்து, தம்பின் வரும்வரை என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. வீட்டில் திறக்கும்போதும் சிங்க்குக்குள் வைத்து மெதுவாகத் திருகுங்கள். உள்ளே காற்று அடைத்திருக்கும், சட்டையெல்லாம் பீய்ச்சிவிடும்.