பெயரின் பொருளை அது பிறந்த வீட்டில் கேளுங்கள்

என் தந்தையார் பெயர் சவரிமுத்து. 'சவாரி'யிலிருந்து வந்த பெயர் என்றே சிறுவயதில் நம்பியிருந்தேன். புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கும் வேலைக்கு வந்த பிறகுதான் வேர் பிடிபட்டது. புனித பிரான்சிஸ் 1506இல் பிறந்த கோட்டை, இன்றைய ஸ்பெயினின் நவார் பகுதியில் உள்ள சவியேர். பாஸ்க் மொழியில் அதன் மூலம் 'எச்செ பெர்ரி', அதாவது புது வீடு. ஊரின் பெயர் புனிதரோடு ஒட்டி, நம் கடற்கரையில் சவேரியார் என்றும் சவரி என்றும் ஆனது. அதனோடு நம் முத்தும் சேர்ந்துகொண்டது.

அதனால், குழந்தைக்குப் பெயர் தேடி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இது எந்த மொழிப் பெயர்?" என்பதுதான். மொழியைச் சொல்லாமல் பொருளை மட்டும் தரும் பட்டியலை நம்பாதீர்கள்.

அடுத்து, விகுதியைக் கழற்றிப் பாருங்கள். திருவந்திபுரம் பெருமாளின் பெயரால் கடலூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு தேவநாதன் உண்டு. 'ன்' போனால் தேவ, நாத என்ற இரண்டு வடசொற்கள் நிற்கும். ஒலி மாற்றத்தையும் கவனியுங்கள். வடமொழியில் தாமரை 'அரவிந்த'. வங்காளியர் வாயில் அகரம் ஒகரமாகி, வகரம் பகரமாகி 'ஒரொபிந்தோ' ஆகிறது. ஸ்ரீ அரவிந்தர் பெயரால் அமைந்த ஆரோவில்லின் முற்பகுதியில் ஒலிப்பது அந்தத் தாமரைதான்.

தமிழாகத் தோன்றும் பெயரிடம்தான் மிகுந்த கவனம் வேண்டும். கிறிஸ்தவக் குடும்பத்தில் சின்னப்பன் என்றால் பவுல். லத்தீனில் 'பவுலுஸ்' சிறியவன். அருளப்பன் என்றால் யோவான். எபிரேயத்தில் 'யோகனான்', கடவுள் அருளினார். ஒலியை விட்டுப் பொருளையே தமிழில் பெயர்த்த அந்தப் பழையவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். மற்றக் குடும்பங்களில் சின்னப்பன் வெறும் சின்னப்பனாகவே இருக்கலாம். ஆகவே வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் அகராதியைத் திறக்காதீர்கள்.

யோசேப்போ ஒலியாகவே பயணம் செய்த பெயர். எபிரேயத்தில் 'அவர் மேலும் சேர்ப்பாராக' என்று பொருள். போர்த்துகீசிய வடிவத்தின் வழியே சூசை, அரபியின் வழியே யூசுப். முத்தியால்பேட்டைச் சூசையும் பரங்கிப்பேட்டை யூசுப்பும் ஒரே பெயர்க்காரர்கள்!

வீட்டில் பிரெஞ்சுக் காலத் தாள் இருந்தால், இடுபெயரையும் குடும்பப் பெயரையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்தார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லாபோர்த்' ஆனார். பிரெஞ்சில் அது கதவு.

சொல்லின் மூலமொழியைச் சரிபார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். அவசரம் வேண்டாம். பிறப்பைப் பதிந்த பிறகு, பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை.

பெயர் முடிவானதும் மொழியையும் வந்த வழியையும் ஒரு தாளில் எழுதிச் சான்றிதழோடு வையுங்கள். என் பேரன் அருளின் தாளில் இருப்பது ஒரே வரி: 'யோகனான், எபிரேயம், என் பாட்டனார் அருளப்பன் வழியாக.'